நல்ல கண்ணுக்கு நாலு மணி நேரம்

அந்த வீட்டில் பாப்பா பேசத் தொடங்கிய பிறகு எல்லோருக்கும் அவள் வைத்ததுதான் பெயர். பெற்றவள் அம்மா, பெற்றவன் அப்பா, அப்பாவின் அக்கா அத்தை. நாமும் அவளை அத்தை என்றே வைத்துக்கொள்ளலாம். பேக்கரியில் அத்தைக்கு வேறு பெயர் இருந்தது. ‘வானம்பாத்தா’ என்பார்கள். அவளுக்கு மேல் இமைகள் ஏறாது. கண் திறப்பே சட்டைப் பொத்தான் துளை அளவுதான். எதிரில் நிற்கிற ஆளைப் பார்க்க வேண்டுமானாலும் புருவத்தை நெற்றிக்கு ஏற்றி, முகவாயை உயர்த்தித்தான் பார்க்க வேண்டும். தெரியாதவர்கள் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்கள். திமிருக்கும் அவளுக்கும் வெகுதூரம்.

அவள் தம்பிக்கும், அதாவது பாப்பாவின் அப்பாவுக்கும், அதே கண்கள். இருவருக்கும் அவர்கள் அப்பாவிடமிருந்து வந்தது. அதே பேக்கரியில் அடுப்புக்கு நின்ற அவனுக்குப் பெயர் ‘தூக்கமூஞ்சி’. அவன் அதற்கெல்லாம் அசர மாட்டான். “பத்து வருஷமா முதலாளி என்னைத் தூங்காதடான்னு திட்டறாரு. நான் நெசமாவே தூங்கினப்போ ஒருநாள்கூட கண்டுபிடிச்சதில்ல” என்பான்.

அத்தைக்கு மாவு அறையில் வேலை. விடிவதற்குள் போய்விடுவாள். மிஷின் பிசைந்து தள்ளிய மாவைப் பலகையில் கொட்டி, கத்தியால் வெட்டி, தராசில் போட்டு, உருட்டி அச்சில் வைக்க வேண்டும். தராசு வெறும் பேச்சுக்குத்தான். பதினைந்து வருஷத்துக் கை அது, கிள்ளினால் எடை சரியாக இருக்கும். உருட்டிய மாவை அப்படியே விட்டால் மேல்தோல் காய்ந்து வெடித்துவிடும். ஈரத்துணியைப் பிழிந்து மூடி, கதகதப்பான மூலையில் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் அது தானாக எழும்பி நிற்கும். எழும்பாத மாவைக் கண்டால் புதுப் பெண்கள் பதறிப்போய் மறுபடி பிசைவார்கள். அத்தை கையைத் தட்டிவிடுவாள். “அதைத் தொந்தரவு பண்ணாதீங்கடி. மூடி வைங்க. எழும்பும்” என்பாள். பெரும்பாலும் எழும்பவும் செய்தது.

பதினொரு மணிக்கு வேலை முடியும். உடம்பெல்லாம் மாவு வாசனையோடு நேராக விளையாட்டுப் பள்ளிக்குப் போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொள்வாள். பாப்பாவுக்கு நாலு வயது. அம்மா துணி பேக்கிங் கம்பெனியிலிருந்து வர மாலை ஆறு ஆகும். அப்பா இரண்டு மணிக்கு அடுப்படியிலிருந்து வந்து குப்புற விழுந்து தூங்குவான். ஆக நடுப்பகல் முழுக்கப் பாப்பா அத்தைக்குத்தான் சொந்தம். அந்த ஏழு மணி நேரத்துக்காகத்தான் அத்தை மீதி நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அவளுக்குப் பத்தொன்பதில் கல்யாணம். இருபத்தாறில் மாதவிலக்கு நின்றது. பிள்ளை இல்லை. மாமியார் வாய் சும்மா இருக்கவில்லை. “அந்தக் கண்ணோட சேந்து வந்ததுதான் இதுவும். கண்ணைப் பாத்தே வேணாம்னிருக்கணும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். கண்ணுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அத்தை இரண்டு வருஷம் சண்டை போட்டுப் பார்த்தாள். இருபத்தெட்டில் ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தாள். இப்போது நாற்பத்து மூன்று.

பாப்பாவும் அதே கண்களோடுதான் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் தம்பி மனைவி குழந்தையின் முகத்தைப் பார்த்து இரண்டு நாள் அழுதாள். அத்தைக்கு அது நெஞ்சில் தைத்தது. தன் முகத்தைப் பார்த்து அழுத மாதிரி இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் மரியாதையாகப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பள்ளி டீச்சர்தான் முதலில் சொன்னது. பாப்பா படம் பார்க்கும்போது தலையைத் திருப்பி ஒரே கண்ணால் பார்க்கிறாள் என்றார். தம்பி மனைவி ஒருநாள் லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று மாலை, முட்டையும் ரொட்டியுமாகத் தட்டுகளை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“பொறக்கும்போதே இமை தூக்கற தசை சரியா வளரலையாம். திறப்பும் சின்னதாம். கொஞ்சம் வளந்ததும் ஆபரேஷன் இருக்கு. மூக்குப் பக்கத்துல ஒண்ணு, அப்புறம் இமையைத் தூக்கிப் புருவத்தோட சேத்துக் கட்டறது ஒண்ணு.”

“எதுக்கு?” என்றான் தம்பி. “எங்கப்பா இந்தக் கண்ணோடதான் எழுபது வயசு வரைக்கும் லாரி ஓட்டினாரு. நான் அடுப்புக்குள்ள எந்த ரொட்டி எப்ப செவக்குதுன்னு பாக்கறேன். அக்கா என்ன பாக்காம இருக்கா?”

“உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு கண்ணும் ஒரே அளவு எறங்கியிருக்கு. இவளுக்கு வலது பக்கம் ரொம்ப எறங்கியிருக்கு, பாப்பாவையே மறைக்குது. நம்ம பாப்பாவை இல்லீங்க, கண்ணுப் பாப்பாவை. அதனால அந்தக் கண்ணு அனுப்பற படம் மூளைக்குச் சரியா போகலையாம். மூளை என்ன பண்ணுதாம், எனக்கு இது வேணாம்னு இடது கண்ணை மட்டும் வெச்சு வேலையை முடிச்சுக்குதாம். ஏழெட்டு வயசுக்குள்ள சரி பண்ணலேன்னா வலது கண்ணுல பார்வை அப்புறம் வரவே வராதாம்.”

தம்பி தட்டைத் தள்ளி வைத்தான்.

“கண்ணாடி போடணும். அப்புறம் இந்தப் பிளாஸ்திரி. தினம் நாலு மணி நேரம் நல்ல கண்ணை மூடணும். இடது கண்ணை. அப்பதான் வலது கண்ணு வேற வழியில்லாம வேலை செய்யும். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. அக்கா, பகல்ல நீங்கதான் இருக்கீங்க, நீங்கதான் ஒட்டணும்.”

“ஒட்டறேன்” என்றாள் அத்தை. காதில் தெளிவாக விழுந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் பின்னால் அவள் ஒருபோதும் தப்பித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு முதல் பிளாஸ்திரி. பாப்பா முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். எழுந்து இரண்டடி வைத்தவள் மேசைக் காலில் நெற்றியை இடித்துக்கொண்டாள். ஜன்னல் முழுக்க வெயில். நடு அறையில் கைகளை நீட்டிக்கொண்டு நின்று, “அத்தை, லைட்டு போடு” என்றாள்.

அத்தை ஓடிப்போய்த் தூக்கி வைத்துக்கொண்டாள். பொம்மை காட்டினாள். பாப்பா தடவித் தடவிப் பார்த்துவிட்டு வீசி எறிந்தாள். நாலு மணி நேரமும் அழுகை. இரண்டாம் நாள் பிளாஸ்திரிப் பொட்டலத்தைக் கண்டதுமே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். இழுத்து எடுத்து ஒட்டியதும், “நீ கெட்ட அத்தை. எங்கம்மாகிட்டப் போறேன்” என்று காலை உதைத்தாள். மூன்றாம் நாள் பள்ளி வாசலில் அத்தையைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உலகத்தில் அத்தையைப் பார்த்து ஓடி வருகிற ஒரே உயிர் அது. அதுவும் வரவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தாள். நல்லா இருக்கிற கண்ணை எதுக்கு மூடணும்? நோவு ஒரு பக்கம், கட்டு ஒரு பக்கமா? விழுந்து கிடக்கிற இமை எழும்ப வேண்டுமென்றால் அதற்கல்லவா ஓய்வு கொடுக்க வேண்டும். பதினைந்து வருஷமாகக் கை கண்ட பாடம் அவளுக்கு வேறு மாதிரிதான் சொல்லியது. எழும்பாததைத் தொந்தரவு செய்யக்கூடாது, மூடிக் கதகதப்பாக வைக்க வேண்டும். படித்தவர்கள் ஏதோ அவசரத்தில் மாற்றிச் சொல்லியிருப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்கள்.

அன்று பன்னிரண்டு மணிக்கு வலது கண்ணை மூடினாள்.

பாப்பா சற்று நேரம் பயந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு இடது கண்ணால் அறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எழுந்து போய்ப் பொம்மையை எடுத்துக்கொண்டு வந்து அத்தை மடியில் உட்கார்ந்தாள்.

“இப்ப நல்ல அத்தையா?”

“ம்.”

அடுத்த ஆறு வாரம் அந்த வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை. நாலு மணிக்குப் பிளாஸ்திரியை வெந்நீர் தொட்டு மெல்ல உரித்து, தடம் தெரியாமல் எண்ணெய் தடவிவிடுவாள். தோல் புண்ணாகாமல் இருக்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். தம்பி இடையில் புரண்டு படுக்கும்போது பிளாஸ்திரியோடு பாப்பா ஓடுவதைப் பார்த்திருப்பான். எந்தக் கண் என்று அவன் கேட்டதில்லை. ஆறு மணிக்குத் தம்பி மனைவி வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

“ஒட்டினீங்களா அக்கா? அழுதாளா?”

“ஒட்டினேன். கொஞ்சம் அழுதா.”

ஒட்டியது உண்மை. அழுதது பொய். பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே, அப்படியானால் ஏதோ தப்பு இருக்கிறது என்று அத்தைக்கு ஒரு மூலையில் உறுத்தாமல் இல்லை. எழும்பி நின்ற பிறகு சொன்னால் போச்சு என்று அதை அமுக்கி வைத்தாள்.

மறு பரிசோதனை நாளன்று கம்பெனியில் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது, லீவு கிடைக்கவில்லை. அத்தைதான் பாப்பாவைப் பஸ்ஸில் கூட்டிப்போனாள். கண் டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. நிதானமாகப் பேசுகிறவர். பாப்பாவின் இடது கண்ணை மறைத்துவிட்டு, சுவரில் குடை, வாத்து, வீடு என்று படங்களைக் காட்டினார். முதல் வரிசையில் இருந்த பெரிய குடையைப் பாப்பா சொன்னாள். அடுத்த வரிசைக்கு வந்ததும் வாயில் விரலை வைத்துக்கொண்டாள்.

“வாத்துக் குட்டி எங்க இருக்கு சொல்லு.”

“அங்க யாருமே இல்ல” என்றாள் பாப்பா.

டாக்டர் பழைய தாளைப் புரட்டினார். “போன தடவை மூணாவது வரிசை வரைக்கும் வந்தாளே. தினம் ஒட்டறீங்களாம்மா?”

“ஒரு நாளும் விட்டதில்லீங்க.”

“நாலு மணி நேரம்?”

“கடிகாரம் பாத்து நாலு மணி நேரம்.”

டாக்டர் விளக்கை எடுத்து மறுபடி பார்த்தார். முகம் மாறியது. “ஒழுங்கா ஒட்டியும் பார்வை குறையுதுன்னா வேற ஏதோ இருக்கணும். நரம்புல கோளாறான்னு பாக்கணும். மயக்கம் குடுத்துத் தலையை ஸ்கேன் எடுக்கணும். எழுதித் தரேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

பேனா தாளில் ஓடத் தொடங்கியது. பாப்பா நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். இந்தப் பிஞ்சைப் படுக்க வைத்து மயக்கம் கொடுப்பார்கள். இல்லாத நோயைத் தேடுவார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

“எழுதாதீங்க டாக்டர்” என்றாள் அத்தை. “நான் வலது கண்ணைத்தான் மூடினேன்.”

பேனா நின்றது.

“தெரியாமலா?”

“தெரிஞ்சுதான். இடது கண்ணை மூடினா ரொம்ப அழுதா. என்னைக் கண்டாலே ஓடினா. நான் பேக்கரியில மாவு வேலை பாக்கறேங்க. எழும்பாத மாவை மூடித்தான் வைப்போம். இதையும் மூடி வெச்சா எழும்பும்னு நெனச்சேன்.”

டாக்டர் திட்டுவார் என்று முகவாயை இறக்கிக்கொண்டாள். இறக்கினால் அவளுக்குத் தரைதான் தெரியும். டாக்டர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார்.

“மாவுக்கு உள்ள ஈஸ்ட் இருக்கும்மா, இருட்டுலயும் அது வேலை செய்யும். கண்ணுக்கு வெளிச்சம்தான் வேலை. ஏற்கெனவே பாதி பட்டினி கெடந்த கண்ணை நீங்க முழுப் பட்டினி போட்டுட்டீங்க.” குரலில் கோபம் இல்லை. அதுதான் அத்தைக்குத் தாங்கவில்லை. “வயசு நாலுதான். இனிமேயாவது சரியா ஒட்டினா இழந்ததை எடுத்துடலாம்னு நெனைக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன். வலது இமை ஆபரேஷனை முன்னாடியே பண்ணிடலாம். ஆனா இமையைத் தூக்கிட்டா மட்டும் போதாது. பிளாஸ்திரி தொடர்ந்து வருஷக்கணக்கா ஓடலாம். அழுவா. அழத்தான் செய்வா.”

அத்தை தலையை ஆட்டினாள். டாக்டர் இப்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் பொறந்ததுலேர்ந்தே இருக்கில்ல. ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தைங்க இருக்கா?”

“இல்ல.”

“மாதவிலக்கு சரியா வந்துதா?”

“இருபத்தாறுல நின்னுடுச்சு.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இந்தக் கண் உள்ள குடும்பங்களில் சிலவற்றில், பெண்களுக்குக் கருமுட்டைப் பை சீக்கிரமே ஓய்ந்துவிடும் என்றார். இரண்டுக்கும் காரணம் ஒரே கோளாறு, பிறக்கும்போதே உடம்பில் எழுதி வந்தது. ஆண்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது, அதனால் தகப்பன் வழியாகவே இது இறங்கிக்கொண்டு போகும். “நீங்க ஒண்ணும் செய்யல, யாரும் ஒண்ணும் செய்யல. எல்லாக் குடும்பத்துலயும் அப்படி ஆகறதும் இல்ல. ஆனா உங்களுக்கு ஆகியிருக்கறதால பாப்பாவைக் கவனிச்சுக்கணும். ரத்தம் எடுத்துப் பாக்கலாம். வயசுக்கு வந்ததும் பெண் டாக்டர்கிட்ட காட்டிடணும். முன்னாடியே தெரிஞ்சா செய்யறதுக்கு வழி இருக்கு. இதை அவங்க அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்” என்றாள் அத்தை.

பஸ்ஸில் பாப்பா தூங்கிப்போனாள். அத்தைக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். உன் மேல் குற்றமில்லை என்று பதினைந்து வருஷம் கழித்து ஒருவர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த மாமியார், படிக்காத பொம்பளை, கண்ணோடு சேர்ந்து வந்தது என்று சொன்னாளே, அது உண்மையாகப் போய்விட்டது. சம்பந்தமில்லை என்று இவள் போட்ட சண்டையெல்லாம் வீண். அவளுக்கு விஷயம் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அது சரியாக இருந்துவிட்டது. சரியாகச் சொன்னவள் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தது மட்டும் எந்தக் கணக்கில் சரி? அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

மாலை தம்பி மனைவி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி வாசலில் பாப்பாவோடு பந்து உருட்டிக்கொண்டிருந்தான். அத்தை எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் முதல் விஷயத்தைச் சொன்னாள்.

தம்பி மனைவியின் கையில் கத்தி அப்படியே நின்றது.

“ஆறு வாரமா?”

“ஆமாம்மா.”

“தினம் கேட்டேனேக்கா. தினம் வாசப்படி ஏறும்போதே கேட்டேனே. கொஞ்சம் அழுதான்னு சொன்னீங்களே.”

“பொய்தான் சொன்னேன்.”

“அவ உங்ககிட்ட ஓடி வரணும்னு அவ கண்ணைக் குடுத்தீங்களா?”

 அந்தக் கேள்வியில் ஒரு வார்த்தையும் கூடக் குறையச் சொல்லப்படவில்லை. “அவ்வளவுதான். அதான் செஞ்சேன்” என்றாள் அத்தை.

தம்பி மனைவி எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அத்தைக்கு அந்த நிமிடம் எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. தன் கதையை இப்போது சொன்னால் பரிதாபத்துக்குச் சொன்ன மாதிரி ஆகும். சொல்லாமல் விட்டால் பாப்பாவுக்குத் துரோகம். முகவாயை உயர்த்தித் தம்பி மனைவியின் முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதையும் சொன்னாள்.

குழாய் நின்றது.

“பாப்பாவுக்கும் அப்படி ஆகுமா?”

“ஆகலாம். ஆகாமலும் போகலாம். பாத்துச் சொல்லுவாங்களாம். எனக்கு யாரும் சொல்லல. அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். எவனையாவது கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.”

தம்பி மனைவி திரும்பி வந்து உட்கார்ந்தாள். உரித்த கிழங்கு ஒன்றைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

“ஆஸ்பத்திரியில நான் ரெண்டு நாள் அழுதேனே, ஞாபகம் இருக்கா? உங்களுக்குக் கோவம்னு எனக்குத் தெரியும்.”

“இருக்கு.”

“கண்ணு சின்னதா இருக்குன்னு அழலக்கா. நீங்க பெட்டியோட வந்த கதையை இவர் சொல்லியிருந்தாரு. இவளும் எந்த வீட்டுலேர்ந்தாவது அப்படி வந்து நிப்பாளோன்னு அழுதேன். நீங்க கட்டில் பக்கத்துலயே நின்னீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே பாப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது.

இரண்டு நாள் தம்பி மனைவி அத்தையிடம் பேசவில்லை. வேலைக்குப் போகாமல் தானே பிளாஸ்திரி ஒட்டி, தானே கூட உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் விடிகாலை, அத்தை பேக்கரிக்குக் கிளம்பும்போது பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“இன்னைக்கு நான் போயாகணும். நீங்கதான் ஒட்டணும்.”

“என்னை நம்பறியா?”

“நம்பாம என்ன பண்றது. நேத்து ரெண்டு மணிக்கு எனக்கே கழட்டிடலாம்னு தோணிச்சு.” கொஞ்சம் நின்று, “அவ உங்களை வெறுக்கட்டும்க்கா. பரவால்ல, வெறுக்கட்டும்” என்றாள்.

அன்று மாவு அறையில் அத்தைக்குக் கை ஓடவில்லை. எடை இரண்டு முறை தப்பியது. பதினொரு மணிக்குப் பள்ளி வாசலில் பாப்பா ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அம்மாதான் கெட்டவள், அத்தை ஒட்டினால் நன்றாகத் தெரியும் என்று அவள் கணக்கு. வழியெல்லாம் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். வீட்டில் ரொட்டியைத் தின்றுவிட்டு, பிளாஸ்திரியைக் கண்டதும் தானாகவே வலது கண்ணைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

அத்தை அவளைத் தொடைகளுக்கு நடுவில் நிறுத்தி, இடது கண்ணில் ஒட்டினாள். ஓரங்களை விரலால் அழுத்திவிட்டாள். மேலே கண்ணாடியை மாட்டினாள்.

பாப்பாவுக்கு முதலில் புரியவில்லை. கைகளைத் துழாவி அத்தையின் முகத்தைத் தேடினாள். கன்னம் அகப்பட்டதும் பிடித்துக்கொண்டு, “அத்தை, மாத்தி ஒட்டிட்டே” என்றாள்.

“இல்லடா தங்கம். இதுதான் சரி.”

“மாத்து.”

“மாத்த மாட்டேன்.”

பாப்பா கன்னத்தை விட்டுவிட்டு அந்தக் கையாலேயே அடித்தாள். அத்தை அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்திரியைப் பிய்க்கவிடாமல் பிடித்துக்கொண்டாள். “நீ என் அத்தை இல்ல, போ. எங்க வீட்டை விட்டுப் போ” என்று பாப்பா வீறிட்டாள். அத்தை சரி சரி என்றாள். பிடியை விடவில்லை. அவளுக்கும் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க முகவாயை உயர்த்தினாள். மணி பன்னிரண்டு பத்து.